அடகு வைக்கப்பட்ட பையன் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எங்கள் ஊர் டெல்டாவில் இருக்கிறது. அறுவடை முடிந்ததும் இரண்டு ஏக்கரில் எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தேன். கிடையோடு ஒரு பையன் வந்திருந்தான். பதினொரு வயதுக்கு மேல் இருக்காது. காலில் செருப்பில்லை. ஆடு மேய்க்கும் கீதாரியின் மகன் என்று நினைத்து, “எந்த ஸ்கூல்டா?” என்று கேட்டேன். “அப்பா பதினைஞ்சாயிரம் வாங்கிருக்காரு. அது கழியிற வரைக்கும் இங்கதான்” என்றான்.

குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொன்னேன். அதிகாரிகள் வந்து அவனை அழைத்துப் போனார்கள். நாலு நாள் கழித்து அவன் அம்மா என் வீட்டு வாசலில் வந்து அழுதார். “புள்ளையையும் ஹோம்ல வச்சிட்டாங்க, கடனை இப்ப யாரு கட்டுறது சாமி?” என்றார். “பெத்தவங்களே அனுப்பினதுக்கு உனக்கென்ன வந்தது?” என்று ஊரில் கேட்கிறார்கள். இல்லாத கொடுமையில் செய்ததைக் கடத்தல் என்று சொல்லலாமா? நான் செய்தது சரிதானா?

(பெயரும் ஊரும் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

சரிதான். அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. மற்ற கேள்விக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடத்தல் என்றதும் வாயைப் பொத்தி வேனில் தூக்கிப் போடுவதுதான் நம் கண்ணில் வந்து நிற்கிறது. தெரிந்த ஆள் வீட்டுக்கு வந்து, முன்பணம் கொடுத்து, பகலிலேயே கூட்டிப்போகும் பிள்ளைகள் நம் கணக்கில் வருவதில்லை. சட்டத்தின் கணக்கில் அவர்களும் உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். சுரண்டுவதற்காக ஒருவரைச் சேர்ப்பதும் கொண்டுபோவதும் தங்கவைப்பதும் அங்கே கடத்தல். அவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரின் சம்மதத்தைப் பணம் கொடுத்து வாங்குவதும் அதற்கான வழிகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ‘பெத்தவங்களே அனுப்பினது’ என்று ஊர் சொல்கிறதே, அந்தப் பதினைந்தாயிரம்தான் குற்றத்துக்கே சாட்சி. பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று வெள்ளைக்காரர் காலத்திலேயே, 1933இல், சட்டம் வந்துவிட்டது.

கீதாரிகள் எல்லாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து பிள்ளைகுட்டிகளோடு வந்து வெட்டவெளியில் மழையும் பனியும் படுகிற மக்கள் அவர்கள். ஆனால் அடகுப் பிள்ளையை மறைத்து வைக்கக் கிடையைப் போல வாகான இடம் வேறில்லை. சில ராத்திரிக்கு ஒரு வயல். எந்த ஊர் வாத்தியாருக்கும் அவனைத் தெரியாது, எந்தக் கடைக்காரருக்கும் தெரியாது. ஒரு ஆடு தொலைந்தால் அதன் விலையும் கடனில் ஏறும். கழிய வேண்டிய கடன் வளர்ந்துகொண்டே போகும். 2018இல் கஜா புயலில் வீடு போன ஒரு குடும்பம் பணத்துக்காக மகனை வேலைக்கு விட்டு, பிறகு அவன் மீட்கப்பட்ட செய்தியைப் படித்தபோது, புயல் நிவாரணம் என்று நாம் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு 2025இல் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். ஆந்திராவில் வாத்து மேய்க்கும் வேலையில் இருந்த ஒரு யானாதி பழங்குடிக் குடும்பம். கடன் 25,000 ரூபாய். கணவர் இறந்துவிட்டார். வேலையை விட்டுப் போக நினைத்த தாயிடம், ஒன்பது வயது மகனைப் பிணையாக விட்டுப் போகச் சொன்னார் முதலாளி. பணம் திரட்டிக்கொண்டு மீட்க வந்தபோது பையன் ஓடிப்போய்விட்டான் என்றார்கள். அவன் இறந்துபோயிருந்தான். காஞ்சிபுரத்தில் பாலாற்றங்கரை ஓரம் புதைத்திருந்தார்கள். மே மாதத்தில்தான் உடலைத் தோண்டி எடுத்தார்கள். அந்தத் தாயும் மனமொப்பித்தான் விட்டுவந்தார் என்று யாராவது சொல்வார்களா?

இப்போது உங்கள் வாசலில் வந்து அழுத அம்மாவுக்கு வருகிறேன். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பையனை அழைத்துப்போனவர்கள் அவரிடம் ஒன்றுமே சொல்லவில்லை என்று தெரிகிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் ஒழிந்தது. ஒரு பைசா திருப்பித் தர வேண்டாம். அந்தக் கடனுக்கென்று பணம் வாங்கினால் வாங்கியவர்தான் ஜெயிலுக்குப் போக வேண்டும். இதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். இரண்டு தடவை சொல்லுங்கள்.

அடுத்தது விடுதலைச் சான்றிதழ், அதாவது கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர் என்று அரசு தரும் தாள். இது பையனுக்குக் கிடைத்ததா என்று விசாரியுங்கள். பல இடங்களில் வெறும் ‘குழந்தைத் தொழிலாளர்’ என்று எழுதிப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கொத்தடிமை என்று எழுதினால் விசாரணை, வழக்கு, அறிக்கை என்று வேலை கூடும் என்பதால். சான்றிதழ் இல்லாவிட்டால் கடன்காரர் மறுபடி அந்தக் குடிசைக்குத்தான் போவார். அதைத் தர வேண்டியவர் கோட்டாட்சியர். சான்றிதழ் இருந்தால் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். மீட்கப்பட்ட குழந்தைக்கு மறுவாழ்வுத் தொகை 2 லட்சம். ஆனால் அந்தப் பெரிய தொகையைக் குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். வழக்கு இழுக்கிற வருடங்களில் குடும்பம் என்ன சாப்பிடும் என்று அந்த விதியை எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

ஹோமில் வைத்திருப்பது தண்டனை இல்லை என்பதையும் அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். பிள்ளையை எப்போது வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்வது குழந்தைகள் நலக்குழு. மகனைப் பார்க்க வேண்டும் என்று அவர் அங்கே மனு கொடுக்கலாம். மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் படிப்பு உதவிக்கும் அங்கேயே கேட்கலாம்.

ஒரு வேண்டுகோள். பையனின் படம் உங்கள் போனில் இருந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. சட்டமும் அதைத் தடுக்கிறது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம் இருக்கும். அந்த அம்மாவை நீங்களே கூட்டிப்போங்கள், பஸ் செலவு உங்களுடையதாக இருக்கட்டும். மனுவில் ‘கொத்தடிமை’ என்ற சொல்லும் அந்தப் பதினைந்தாயிரமும் கட்டாயம் இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.