தேடலை மாத்திரைப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கணவரின் வேலைக்காக மதுரைப் பக்கமிருந்து இங்கே குடிவந்தோம். மாமியாரும் எங்களோடு இருக்கிறார், வயது 64. பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர். 'மெட்ஃபார்மின் கிட்னியைத் தின்றுவிடும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு தமிழ் வீடியோ வந்ததிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டு, ஆன்லைனில் வாங்கிய மூலிகைப் பொடியைக் குடிக்கிறார். நான் தேடினால் ஓரிடத்தில் அமிர்தம் என்கிறார்கள், இன்னோரிடத்தில் விஷம் என்கிறார்கள். யாரை நம்புவது?"

தேடுவது அப்புறம் இருக்கட்டும். இந்த வாரமே அவரை கிளினிக்குக் கூட்டிப்போங்கள். பொடி டப்பாவையும் பழைய மாத்திரைகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாகவே மறுபடி கொடுக்க வேண்டாம். சர்க்கரைக்கென்று விற்கும் மூலிகைப் பொடிகளில் ஆங்கில மருந்தையே ரகசியமாகக் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். இதற்கிடையில் தீராத தாகம், வாந்தி, மூச்சு வாங்குதல், எழுப்பினாலும் தெளியாத தூக்கம் என்று ஏதாவது வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இங்கே ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. வீடியோக்களில் சொல்லும் 108 தமிழ்நாட்டு எண்.

சரி, அந்த வீடியோவுக்கு வருவோம். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து, அவ்வளவுதான். சிறுநீரகம் தளர்ந்துபோனால் மருந்து உடம்பில் தேங்கும் என்பதால் மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பது என்ன? "மெட்ஃபார்மின் சாப்பிட்டார், கிட்னி போச்சு, டாக்டரே நிறுத்தச் சொல்லிட்டார்." காரணமும் விளைவும் தலைகீழாகிவிட்டன. உண்மையில் சிறுநீரகத்தை அரிப்பது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான். நன்றாகப் பரவும் வதந்தி பெரும்பாலும் முழுப் பொய்யாக இருக்காது. 2020ல் அமெரிக்காவில் மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின் மாத்திரைகளில் சில, என்.டி.எம்.ஏ. என்ற மாசு அளவுக்கு மேல் இருந்ததால் திரும்பப் பெறப்பட்டன. அந்தச் செய்தியை ஆண்டையும் நிறுவனத்தையும் உருவிவிட்டு இன்றைக்கும் சுற்றவிடுகிறார்கள். அதனால்தான் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தேதியை முதலில் பாருங்கள் என்கிறேன்.

"மெட்ஃபார்மின் நல்லதா கெட்டதா" என்று தேடினால் சண்டைதான் கிடைக்கும். கையில் இருக்கும் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். வணிகப்பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பொதுப்பெயரும் மில்லிகிராமும் இருக்கும். தென்னாப்பிரிக்காவில் விற்கும் பெட்டியில் பதிவு எண்ணும் இருக்கும். மெட்ஃபார்மின் என்றால் அந்த எண்ணின் நடுவே 21.2 என்று பார்க்கலாம். வாய்வழியாகச் சாப்பிடும் சர்க்கரை மருந்துகளின் வகை எண் அது. உள்ளே மடித்து வைத்த தாளைத் தூக்கிப் போடாதீர்கள். கிளினிக்கில் பொட்டலமாகக் கொடுத்து, தாள் இல்லாமல் போனால், மருந்துகளைப் பதிவு செய்யும் சாப்ரா ஆணையத்தின் இணையதளத்தில் பொதுப்பெயரை இட்டுத் தேடுங்கள். நோயாளிகளுக்கான தகவல் தாள்கள் அங்கே கிடைக்கும்.

பொதுப்பெயர் ஏன் முக்கியம் என்பது உங்களைப் போல ஊரிலிருந்து வந்தவர்களுக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும். அங்கே டோலோ, குரோசின் என்பதும் இங்கே பனாடோ என்பதும் ஒரே பாரசிட்டமால்தான். சர்க்கரை மருந்தில் இது இன்னும் விவகாரம். ஊரில் கிளைக்கோமெட் ஜி.பி. என்று விற்பதில் மெட்ஃபார்மினோடு கிளைமிபிரைடும் சேர்ந்திருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த அந்த மாத்திரையையும், இங்கே கிளினிக்கில் தந்த மெட்ஃபார்மினையும் வேறு வேறு மருந்து என்று நினைத்து ஒருவர் இரண்டையும் விழுங்கினால், ஒன்று இரட்டிப்பாகிறது, போதாததற்குச் சர்க்கரையை இறக்கும் இன்னொன்றும் உள்ளே போகிறது.

அலகு விஷயமும் அப்படித்தான். சென்னை மருத்துவர் "70க்குக் கீழே இறங்கினால் உடனே இனிப்பு கொடுங்கள்" என்பார். அவர் சொல்வது மில்லிகிராம் கணக்கு. டர்பனில் வாங்கிய கருவி மில்லிமோலில் காட்டும். திரையில் 7.2 என்று வருவதைப் பார்த்து, எழுபதுக்கு எவ்வளவோ கீழே போய்விட்டது என்று யாராவது குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தால்? 7.2 என்பது ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 130. இங்கத்திய எண்ணை 18ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வந்துவிடும். அவர் சொன்ன 70, இங்கே 3.9. அந்த மருத்துவர் பொய் சொல்லவில்லை, அவர் பேசுவது நமக்காக இல்லை. தமிழில் கிடைக்கும் நல்ல மருத்துவப் பேச்சுகளில் பெரும்பாலானவற்றில் எனக்குத் தெரியும் சிக்கல் இதுதான்.

எங்கே படிப்பது? அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன்பிளஸ், பிரிட்டனின் என்.எச்.எஸ். பக்கங்கள். இரண்டுமே எளிய ஆங்கிலம், மருந்து விற்பதில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் சுருக்கங்கள் சில தமிழிலேயே இருக்கின்றன. தொற்றுநோய்ச் செய்தி என்றால் நம் நாட்டின் தேசியத் தொற்றுநோய் நிறுவனமான என்.ஐ.சி.டி.யின் பக்கங்கள். தேடல் முடிவுகளின் உச்சியில் 'ஸ்பான்சர்டு' என்று வருவது காசு கொடுத்து வாங்கிய இடம், அதைத் தாண்டிப் போங்கள். சில பழைய தளங்களின் அடியில், நம்பகமான மருத்துவத் தளம் என்று காட்டும் ஹான்கோட் என்ற முத்திரையைப் பார்த்திருக்கலாம். அதை வழங்கிய அமைப்பு 2022 முடிவில் மூடிவிட்டது. இன்று அந்த முத்திரைக்குப் பொருள் எதுவும் இல்லை. செயற்கை அறிவிடம் கேட்பது தவறில்லை, ஆனால் அது சொல்லும் அளவையும் எண்ணையும் தகவல் தாளோடு ஒப்பிடாமல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வீடியோவில் பேசுபவர் தென்னாப்பிரிக்க மருத்துவர் என்றால் எச்.பி.சி.எஸ்.ஏ. கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். ஆயுர்வேத வைத்தியர்களுக்கும் இங்கே தனிக் கவுன்சில் உண்டு. ஆனால் பதிவும் பதவியும் மட்டும் போதாது. நம் நாட்டின் சுகாதார அமைச்சரே எய்ட்ஸுக்குப் பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் என்று பேசிய காலம் ஒன்று இருந்தது. 2006ல் டொரோண்டோவில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில் தென்னாப்பிரிக்காவின் அரங்கில் அவற்றையே அடுக்கியிருந்தார்கள். எய்ட்ஸ் மருந்தை அரசு தாமதப்படுத்தியதில் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று 2008ல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆகவே யார் சொன்னாலும், எதை வைத்துச் சொல்கிறார், கடைசியில் எதையாவது விற்கிறாரா என்று பாருங்கள். உங்கள் மாமியாருக்கு வந்த வீடியோவை முடிவு வரை பாருங்கள். பொடிக்கான ஆர்டர் எண் அதிலேயே இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

பொடி டப்பாவின் பின்புறத்தையும் படியுங்கள். பதிவு செய்யப்படாத மருந்து இது, தரம், பாதுகாப்பு, பயன் எதையும் சாப்ரா மதிப்பிடவில்லை என்ற அறிவிப்பு இருந்தால் அதற்கு நேரான அர்த்தம்தான். அந்த வரிகூட இல்லாமல் வந்த பொட்டலம் என்றால் இன்னும் மோசம். 2008ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தார்கள். ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. சிறுநீரகத்தைப் பற்றிக் கவலைப்படுபவர் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மாமியாரிடம் வாதாடாதீர்கள். மூலிகையில் நம்பிக்கை உள்ளவர் என்றால் ஒன்று சொல்லிப் பாருங்கள்: மெட்ஃபார்மினின் பூர்வீகமும் ஒரு செடிதான். ஐரோப்பாவின் பழைய நாட்டு வைத்தியத்தில் புழங்கிய கலேகா என்ற செடியில் இருந்த பொருளைத் தொடர்ந்து போய்த்தான் இந்த மருந்துக்கு வந்தார்கள். 1957ல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் சர்க்கரை நோயாளிகளுக்கு அதைக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார்.

கிளினிக்கில், சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று ரத்தப் பரிசோதனையில் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பொதுவாக 45க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே நிறுத்துவார்கள். அவருடைய எண் எங்கே நிற்கிறது என்பதுதான் வீடியோவுக்கான பதில். பல வருடம் சாப்பிட்டவர் என்பதால் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைய வாய்ப்புண்டு. அப்புறம், தனியாக இருக்கும்போது மெல்லக் கேளுங்கள், மாத்திரை போட்டால் வயிற்றுப்போக்கு இருந்ததா என்று. பல பேர் நிறுத்துவது அதனால்தான், வெளியே சொல்லக் கூச்சம், வீடியோ ஒரு சாக்கு. அப்படியானால் மருத்துவரிடம் சொல்லலாம். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் குறையும், மெதுவாகக் கரையும் வகையும் இங்கே கிடைக்கிறது.