குதிகால் அறுவைக்கு மரத்துப்போகும் ஊசியா, முழு மயக்கமா?

கேள்வி: மகனுக்கு இரண்டரை மாதம். பிறக்கும்போதே வலது பாதம் உள்பக்கம் வளைந்திருந்தது. ஐந்து மாவுக்கட்டில் நேராகிவிட்டது, குதிகால்தான் இறங்கவில்லை. 'நரம்பை' வெட்ட வேண்டுமாம். ஒரு டாக்டர் மரத்துப்போகும் ஊசி போதும் என்கிறார், இன்னொருவர் முழு மயக்கம் என்கிறார். எதைக் கேட்பது?

பதில்: வெட்டுவது நரம்பை அல்ல, குதிகாலை மேலே இழுத்துப் பிடித்திருக்கும் தசைநாணை. ஊரில் எல்லாவற்றையும் நரம்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். பாதிப் பயம் அந்தச் சொல்லால்தான். வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி பாதத்தை நேராக்கும் இந்த பொன்செட்டி முறையில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தேவைப்படும். கத்திக்கு வேலை ஒரு நிமிடம்கூட இல்லை. அடுத்த 3 வார மாவுக்கட்டுக்குள் தசைநாண் நீண்டு வளர்ந்து சேர்ந்துவிடும்.

இந்த வயதில் நான் ஊசியின் பக்கம். லிக்னோகைன் என்ற மரத்துப்போகும் மருந்தைக் கொஞ்சமாகத்தான் போடுவோம்; கூடினால் அந்த இடம் உப்பி, தசைநாண் விரலுக்குத் தட்டுப்படாது. பிள்ளை அழத்தான் செய்வான். நர்ஸ் நாக்கில் விடும் சர்க்கரைக் கரைசல் ஓரளவு அடக்கும். முடிந்த கையோடு பால் கொடுக்கலாம்.

முழு மயக்கம் மூளையைப் பாதிக்குமோ என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். 722 கைக்குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வந்தது: ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒரு மயக்கத்தால் 5 வயதில் அறிவுத்திறனில் வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016இல் எச்சரித்ததும் 3 மணி நேரத்தைத் தாண்டும் மயக்கத்தையும், திரும்பத் திரும்பக் கொடுப்பதையும் பற்றித்தான்.

என் கவலை மூச்சு. மகன் குறைமாதத்தில் பிறந்தவனா? நீங்கள் எழுதவில்லை. 32 வாரத்தில் பிறந்திருந்தால், கருவில் இருந்த வாரங்களையும் சேர்த்து இப்போது கணக்குக்கு சுமார் 43 வாரம்தான். குறைமாதக் குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு 60 வாரத்தைத் தாண்டும்வரை, மயக்கம் தெளிந்த பிறகும் மூச்சு நின்று நின்று வரலாம். ஓர் இரவாவது மானிட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும்.

குழந்தை பெரியதாகி உதைத்தாலோ, கொழுகொழு காலில் தசைநாண் பிடிபடாவிட்டாலோ முழு மயக்கமே நல்லது. அந்த டாக்டரோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். கைக்குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர் இருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். முழு மயக்கம் என்றால் தாய்ப்பாலை 4 மணி நேரம், பவுடர் பாலை 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். சளி, இருமல் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சில வாரம் தள்ளிப்போட்டால் பரவாயில்லை.