கேள்வி: கைக்குழந்தை உள்ள குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் அரசு உதவிகள் போதுமானவையா?

பிரசவம் வரைக்கும் என்றால் பரவாயில்லை, தாராளமாகவே செய்கிறார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகி அம்மா வேலைக்குத் திரும்பும்போதுதான் திண்டாட்டம். என் தங்கை திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். அவள் வீட்டில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987-ல் சில நூறு ரூபாயில் தொடங்கியது. 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் 18,000 ரூபாய் ஆனது. ஆட்சி மாறினாலும் இதில் யாரும் கை வைக்கவில்லை. 18,000 என்றாலும் கையில் வருவது 14,000தான், அதுவும் தவணை தவணையாக. மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், நெய் எல்லாம் இருக்கும். (தங்கைக்கு வந்த நெய்யில் பாதி என் மாப்பிள்ளையின் தோசைக்குப் போனது வேறு கதை.) நாள் தள்ளிப்போனதுமே நர்ஸம்மாவிடம் சொல்லிப் பதிந்து, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் எண்) வாங்கிவிடுங்கள். பணத்துக்கு மட்டுமல்ல, பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் அந்த எண்ணைக் கேட்பார்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு அங்கன்வாடியில் சத்துமாவு பாக்கெட் தருகிறார்கள். நல்ல மாவு, குழந்தையும் சாப்பிட்டது. ஆனால் அதைக் கரைத்து ஊட்ட ஓர் ஆள் வீட்டில் இருக்க வேண்டுமே? அங்கன்வாடியில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாம் என்றால் இரண்டு வயது ஆக வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு சம்பளத்தோடு 26 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். தங்கைக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கான்ட்ராக்டர் கீழே பீஸ் ரேட்டில் தைக்கிறாள். இஎஸ்ஐயில் பெயர் இல்லை, விடுப்பு என்றால் வருமானம் இல்லை, அவ்வளவுதான். இதே மாநிலத்தில் அரசு வேலையில் இருக்கும் பெண்ணுக்கு 2021-லிருந்து 12 மாதம் விடுப்பு. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் பிறப்பது ஒரே மாதிரி குழந்தைதானே?

மத்திய அரசின் ‘பால்னா’ திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் வைக்கலாம். ஆறு மாதக் குழந்தையிலிருந்து சேர்ப்பார்கள், ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம். யோசனை சரியானதுதான். ஆனால் திருப்பூரில் ‘ஒன்றரை ஷிஃப்ட்’ என்றால் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத்தான் வெளியே வர முடியும். மீதி இருக்கும் நான்கு மணி நேரத்துக்கு யாரைத் தேடுவது? இப்போதைக்கு எங்கள் அம்மாதான் ஊரை விட்டு வந்து பார்த்துக்கொள்கிறார். அப்பா ஊரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்.

என்னைக் கேட்டால், உதவித்தொகையை 18,000-லிருந்து இன்னும் ஏற்றுவதைவிட, பனியன் கம்பெனிகள் இருக்கும் தெருக்களில் இரவு எட்டரை வரை திறந்திருக்கும் காப்பகங்களுக்கு அந்தக் காசைச் செலவழிக்கலாம். நீங்கள் மாதச் சம்பளத்தில் இருப்பவர் என்றால், விடுப்புக்கு எழுதிக் கொடுக்கும்போதே காப்பகம் எங்கே இருக்கிறது என்றும் எழுத்தில் கேளுங்கள். வேலைக்குச் சேரும்போதே இந்த வசதிகளை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.