பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள்: காத்தலோனிய ஒயின் கேள்வி-பதில்

கேள்வி: வேலைக்காக ஸ்பெயினின் காத்தலோனியாவில் உள்ள பார்சிலோனாவுக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இங்குள்ள சூப்பர் மார்க்கெட்டில் ஒரே அலமாரியில் 4 யூரோவுக்கும் காவா என்னும் குமிழி ஒயின் இருக்கிறது, 16 யூரோவுக்கும் இருக்கிறது. இரண்டிலும் காவா என்றுதான் எழுதியிருக்கிறது. வித்தியாசம் கம்பெனிப் பெயரில் மட்டும்தானா, உள்ளே இருக்கும் பொருளிலும் உண்டா?

பதில்: பொருளிலேயே உண்டு. விலையைப் பார்க்கும் முன், அந்த ஒயின் எத்தனை மாதம் பாட்டிலுக்குள் கிடந்தது என்று பாருங்கள்.

காவாவின் குமிழிகள் வெளியிலிருந்து செலுத்தப்பட்ட வாயு அல்ல. சாதாரண வெள்ளை ஒயினோடு சிறிது சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து பாட்டிலில் அடைத்துவிடுகிறார்கள். உள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கிறது. உண்டாகும் வாயு வெளியேற வழியில்லாமல் ஒயினிலேயே கரைந்துவிடுகிறது. வேலை முடிந்த ஈஸ்ட் அடியில் வண்டலாகப் படிகிறது. அந்த வண்டலோடு எவ்வளவு காலம் கிடக்கிறதோ, அவ்வளவு ஆழம் கூடும்: புதிதாகச் சுட்ட ரொட்டியின் மணம், வறுத்த பாதாம்பருப்பின் சாயல், நாக்கை உறுத்தாத நுண்ணிய குமிழிகள். சட்டப்படி குறைந்தபட்சம் 9 மாதங்கள். 'ரிசர்வா' என்றால் 18 மாதங்கள், 'கிரான் ரிசர்வா' என்றால் 30 மாதங்கள், ஒரே தோட்டத்துப் பழத்தில் செய்யும் 'பராஹே' வகைக்கு 36 மாதங்கள். நீங்கள் பார்த்த 4 யூரோ பாட்டில் பெரும்பாலும் முதல் வகையாகத்தான் இருக்கும். அதை மட்டம் என்று சொல்ல மாட்டேன். பத்துப் பேர் கூடும் வீட்டில் குளிரக் குளிர ஊற்றிக்கொடுக்க அது போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காவா என்பது ஓர் ஊரின் பெயர் அல்ல. பெரும்பகுதி பெனெதேஸ் வட்டாரத்தில், பார்சிலோனாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சான் சதுர்னி தனோயாவைச் சுற்றியே தயாராகிறது. 1872இல் கொதோர்னியூ குடும்பத்தின் ஜோசப் ரவென்தோஸ் இந்த முறையில் ஒயின் செய்ததும் அங்கேதான். ஆனால் தெற்கே வலென்சியா பக்கத்து ரெக்கேனாவிலும், மேற்கே எக்ஸ்திரமதுராவின் அல்மெந்திராலெஹோவிலும் செய்யப்படுவதற்கும் அதே பெயர்தான். காத்தலோனியத் திராட்சைதான் வேண்டும் என்றால் 'கொம்தாத்ஸ் தெ பார்சலோனா' என்ற வட்டாரப் பெயர் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தத் தளர்வான எல்லை பிடிக்காமல்தான் கிராமோனா, ரெகரேதோ, யோபார்ட் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் 2019இல் காவா அமைப்பை விட்டே வெளியேறின. அவர்களுடைய பாட்டிலில் காவா என்ற சொல்லே இருக்காது. 'கோர்பின்னாட்' என்று இருக்கும். இயற்கை முறையில் வளர்த்து, கையால் பறித்து, சொந்த ஆலையிலேயே பிழிந்து, குறைந்தது 18 மாதங்கள் வைத்திருந்த ஒயின் என்பது அதன் பொருள். விலை கூடுதல்தான். ஆனால் 16 யூரோ செலவழிக்க மனம் வந்துவிட்டதென்றால் நான் இந்தப் பெயரைத்தான் தேடுவேன். அந்தப் பணம் விளம்பரத்துக்குப் போகாமல் தோட்டத்துக்குப் போகிறது என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

பின்பக்கத்தில் வண்டல் நீக்கிய மாதமும் ஆண்டும் அச்சிட்டிருந்தால் விட்டுவிடாதீர்கள். வண்டலை நீக்கிய நாளிலிருந்து ஒயின் மெல்லப் புதுமை இழக்கத் தொடங்கும். ஒரே விலையில் இரண்டு இருந்தால் அண்மையில் நீக்கியதை எடுங்கள்.

கேள்வி: மாமனாருக்குச் சர்க்கரை நோய். எப்போதாவது ஒரு கிண்ணம் குடிப்பார். காவா லேபிளில் உள்ள 'செக்கோ' என்றால் இனிப்பில்லாதது என்று அகராதியில் பார்த்து அதையே வாங்கிவந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு 'இனிக்கிறதே' என்கிறார். ஏமாற்றுகிறார்களா?

பதில்: சட்டப்படி ஏமாற்று இல்லை. ஆனாலும் வாங்குபவரைத் தடுமாற வைக்கும் பெயர்தான் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். குமிழி ஒயின் மிகவும் தித்திப்பாகக் குடிக்கப்பட்ட காலத்தில் வைத்த பெயர்கள் இவை. அன்றைக்கு 'செக்கோ' இனிப்புக் குறைந்ததாகத்தான் இருந்தது. இன்று லிட்டருக்கு 17 முதல் 32 கிராம் வரை சர்க்கரை உள்ளதற்கு அந்தப் பெயர். 'செமி செக்கோ' 32 முதல் 50 கிராம். 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்பதில்கூட 12 முதல் 17 கிராம் இருக்கும். 'புரூட்' என்பது 12 கிராமுக்குக் கீழே, 'எக்ஸ்ட்ரா புரூட்' 6 கிராம் வரை. 'புரூட் நாச்சுர்' என்றால் 3 கிராமுக்கும் கீழே. இரண்டாம் நொதிப்புக்குப் பின் அதில் சர்க்கரை சேர்க்கவே கூடாது. உங்கள் மாமனாருக்கு அந்தக் கடைசிப் பெயரைத்தான் தேட வேண்டும். காத்தலோனியர்களும் அதையே விரும்பி வாங்குகிறார்கள், அதனால் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும்.

2023 டிசம்பர் 8க்குப் பிறகு தயாரான ஒயின்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் சேர்பொருள் பட்டியலையும் சத்து விவரத்தையும் கட்டாயமாக்கியிருக்கிறது. பல பாட்டில்களில் அது க்யூஆர் குறியாக இருக்கும். கைபேசியைக் காட்டினால் சர்க்கரை அளவு தெரிந்துவிடும்.

ஒரு வேண்டுகோள். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு மது ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடக்கூடும். இனிப்பில்லாத ஒயினிலும் இந்த ஆபத்து இருக்கிறது. மருத்துவரிடம் கேட்காமல் கிண்ணத்தை நீட்டாதீர்கள்.

கேள்வி: அலுவலக நண்பர் புகழ்ந்தார் என்று 22 யூரோ கொடுத்து பிரியோராட் என்ற மலை வட்டாரத்துச் சிவப்பு ஒயின் வாங்கினேன். வீட்டில் வைத்த மீன் குழம்போடு குடித்தோம். தொண்டை எரிந்தது, வாய் துவர்த்தது. இதற்கா இவ்வளவு விலை?

பதில்: ஒயின் மேல் தவறில்லை, உங்கள் மேலும் இல்லை. சேர்த்த ஜோடிதான் பொருந்தவில்லை. பிரியோராட் சிவப்பில் மதுச் சத்து 14.5, 15 சதவீதம் என்று இருப்பது சாதாரணம். மிளகாய்க் காரத்தின் மேல் அவ்வளவு மதுச் சத்து போனால் எரிச்சல் இரட்டிப்பாகும். புளியோ துவர்ப்பை இன்னும் தூக்கிக் காட்டும். அதே பாட்டிலை நிதானமாக வாட்டிய ஆட்டிறைச்சியோடு, ஒரு மணி நேரம் முன்பே திறந்து கூஜாவில் ஊற்றிவைத்து, 17 டிகிரி வாக்கில் குடித்திருந்தால் உங்கள் கடிதம் வேறு மாதிரி வந்திருக்கும்.

விலைக்கு வருகிறேன். பிரியோராட்டை நேரில் பார்த்தவர்கள் அந்த விலையைக் குறை சொல்வதில்லை. மலைச்சரிவு முழுக்கக் கறுத்த பலகைக்கல் சில்லுகள். உள்ளூரில் 'யிகொரேயா' என்பார்கள். மண் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. நீர் தேடி வேர் கல்லின் பிளவுகளுக்குள் பல மீட்டர் இறங்குகிறது. பழைய கொடி ஒன்றில் ஒரு கிலோ பழம்கூடக் கிடைக்காத சரிவுகள் உண்டு. டிராக்டர் ஏற முடியாத இடங்களில் கோவேறு கழுதையும் மனிதக் கையும்தான் வேலை செய்கின்றன. கர்நாச்சா, கரின்யேனா என்ற இரண்டு திராட்சைகளே அங்கு முதன்மை.

12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவிகள் அங்கே ஸ்காலா தேய் மடத்தை நிறுவினார்கள். மடத்துத் தலைவரான 'பிரியோர்' ஆண்ட நிலம் என்பதால்தான் இந்தப் பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிலோக்ஸரா பூச்சி கொடிகளைத் தின்று தீர்த்தது. பிழைப்புத் தேடி மக்கள் இறங்கிப் போனார்கள். கைவிடப்பட்ட அந்தச் சரிவுகளுக்கு ஒயின் தயாரிப்பாளர்களான ரெனே பார்பியேயும் ஆல்வரோ பலாசியோஸும் இன்னும் சிலரும் வந்து, கிராதயோப்ஸ் என்ற சிற்றூரில் கூட்டாக ஒயின் செய்தது 1989இல். இன்று ஸ்பெயின் முழுவதிலும் மிக உயர்ந்த தரப்பிரிவில் இருப்பவை இரண்டே வட்டாரங்கள்: ரியோகா, பிரியோராட். பிரியோராட் லேபிளில், பிற வட்டாரங்களின் தரச் சான்றான 'டி.ஓ.' என்பதற்குப் பதிலாக 'டி.ஓ.க்யூ.' என்று இருப்பது அதைத்தான் குறிக்கிறது. ஒரு காலத்தில் ஆளில்லாமல் போன கிராமங்கள் அவை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

22 யூரோ என்பது அந்த வட்டாரத்துக்குப் பெரிய விலை அல்ல. அதற்கும் மிகக் குறைவாகப் பிரியோராட் என்று யாராவது விற்றால் எச்சரிக்கையாக இருங்கள். அதே பாணி பாதி விலைக்கு வேண்டுமா? மோன்ட்சான்ட் வாங்குங்கள். பிரியோராட்டைச் சுற்றி வளைத்தாற்போல் கிடக்கும் பக்கத்து வட்டாரம் அது. திராட்சைகளும் அவையே. மண் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். ஒயினும் சற்று மென்மையாக இருக்கும். சிவப்பு ஒயினில் கொடுத்த காசுக்கு நிறைவு எங்கே என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் மோன்ட்சான்ட் என்பேன்.

கேள்வி: அப்படியானால் நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு எதைத்தான் வாங்குவது?

பதில்: காரக் குழம்புக்கு, கொன்கா தெ பார்பெரா வட்டாரத்தில் 'திரெபாட்' என்ற திராட்சையில் செய்யும் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின். மதுச் சத்துக் குறைவு, பழச்சுவை அதிகம், மெல்லிய மிளகு வாசம். நன்றாகக் குளிரவைத்துக் குடியுங்கள். பொரித்த மீனுக்கும் நெத்திலிக்கும் அலேயாவின் வெள்ளை. பார்சிலோனாவை ஒட்டிய சின்னஞ்சிறு வட்டாரம் அது. 'பன்சா பிளாங்கா' என்று லேபிளில் இருக்கும். காவாவில் சேரும் ஷரெல்லோ திராட்சைக்கு அங்கே வழங்கும் பெயர்தான் அது. பெயர் வேறாக இருப்பதால் வேறு பொருள் என்று நினைத்து இரண்டையும் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். தேங்காய்ப்பால் ஊற்றிய கறிக்குத் தெர்ரா ஆல்தாவின் வெள்ளைக் கர்நாச்சா: சற்றுக் கனமான, வாயை நிறைக்கும் ஒயின். அந்தத் திராட்சை மட்டுமே சேர்ந்தது என்பதற்கு அந்த வட்டாரமே தனி முத்திரை தருகிறது. விலையும் கையைக் கடிக்காது. சாப்பாட்டுக்குப் பின் இனிப்பு வேண்டுமென்றால், பிரெஞ்சு எல்லையை ஒட்டிய எம்போர்தாவின் இனிப்புக் கர்நாச்சாவைச் சிறிய கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: லேபிளில் 'காத்தலுன்யா' என்று மட்டும் இருந்தால் தரம் குறைவா?

பதில்: இல்லை. 1999இல் உருவான பொதுப் பிரிவு அது. பல வட்டாரப் பழங்களைக் கலந்து செய்ய இடம் தருகிறது. அன்றாடத்துக்கு வாங்கலாம். ஓர் ஊரின் சுவையை அதில் தேட வேண்டாம். லேபிளில் 'வி நெக்ரே' என்று இருந்தால் திகைக்காதீர்கள். சொல்லுக்குக் கறுப்பு ஒயின் என்று பொருள், காத்தலான் மொழியில் சிவப்பு ஒயினுக்கு அதுதான் பெயர்.

கேள்வி: 18 யூரோவுக்கு வாங்கிய பாட்டிலைத் திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி போல் நாறியது. கடைக்காரர், 'திறந்ததை எடுக்க மாட்டோம்' என்கிறார். விட்டுவிடுவதா?

பதில்: விடாதீர்கள். நீங்கள் சொல்லும் நாற்றம் தக்கைக் கெடுதலின் அடையாளம். டிசிஏ என்ற வேதிப்பொருள் தக்கையிலிருந்து ஒயினில் இறங்கியிருக்கிறது. உடலுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஒயின் பாழ். திறக்காமல் அதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது என்பதால், திறந்துவிட்டீர்கள் என்ற காரணம் செல்லாது. தக்கையில் ஒட்டியிருக்கும் கண்ணாடித்தூள் போன்ற படிகங்களோ அடியில் தங்கிய வண்டலோ கெடுதல் அல்ல. அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள்.

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில், மூன்றில் ஒரு பங்கு குடித்துவிட்டுத்தான் பாட்டிலோடு போய் நின்றேன். மாற்றித் தர மறுத்தார்கள். குடிக்கும்போதே சந்தேகம் வந்தும் தொடர்ந்து ஊற்றியது என் வாதத்தைப் பலவீனமாக்கிவிட்டது. நீங்கள் ஒரு வாய்க்கு மேல் குடிக்காமல் தக்கையால் மூடி, தக்கையும் ரசீதும் சேர்த்து, மறுநாளே கொண்டுபோங்கள். மறுத்தால், 'ஃபுல் தெ ரெக்லமாசியோ' கொடுங்கள் என்று கேளுங்கள். காத்தலோனியாவில் எல்லாக் கடைகளும் வைத்திருக்க வேண்டிய அரசுப் புகார்ப் படிவம் அது. பல நேரம் அந்தப் பெயரைச் சொன்னாலே புது பாட்டில் வந்துவிடும். வராவிட்டால் படிவத்தை நிரப்பி, உங்கள் நகராட்சியின் நுகர்வோர் அலுவலகமான 'ஓமிக்' கிளையில் கொடுத்துவிடுங்கள். காத்தலானோ ஸ்பானியமோ எழுத வராது என்றால் மொழி தெரிந்த நண்பரைக் கூட்டிப் போங்கள். ரசீதின் நகலை மட்டும் கொடுங்கள், அசலை யாரிடமும் விட்டுவிடாதீர்கள்.