கிண்டி வளாகத்தை இன்னொரு முறை போய்ப் பாருங்கள்

திண்டுக்கல்லிலிருந்து ஒரு தாய் கேட்கிறார். பிளஸ் டூ முடித்த மகனோடு கிண்டி பொறியியல் கல்லூரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். கட்-ஆஃப் 194. அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் எட்டாது. "எங்கேயாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் அதையே வாங்கிப் போடுங்கள்" என்று சித்தப்பா தினமும் போன் செய்கிறாராம். பையனோ விடுமுறை முழுக்க, யாரும் வரைந்து சேர்க்கக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தன் ஊர்த் தெருக்களை வரைந்துகொண்டிருக்கிறான். கடன் வாங்கியாவது அந்த இடத்தை வாங்கிவிடலாமா என்பதுதான் அவர் கேள்வி.

உங்கள் கவலை நியாயமானது. சித்தப்பா சொல்லும் வழி நியாயமானதல்ல. ஆண்டுக்கு 3 லட்சம் வீதம் 12 லட்சம் கடன், 10 சதவீத வட்டி என்று வையுங்கள். படிப்பும் அதற்கடுத்த ஓராண்டு அவகாசமும் முடிவதற்குள், தனிவட்டி மட்டுமே 4.2 லட்சம் ஏறியிருக்கும். பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 21,400 ரூபாய். முதல் வேலையின் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போகும். முதல் பட்டதாரி சலுகையும் மேனேஜ்மென்ட் இடத்துக்குக் கிடையாது. இந்தக் கடனை வாங்காதீர்கள்.

அதே கிண்டி வளாகத்தில் நீங்கள் எட்டிப்பார்க்காமல் வந்த படிப்பு ஒன்று உண்டு: பி.இ. ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான் இந்தக் கல்லூரி. 1802-ல் நாட்டையே முக்கோணங்களாக அளந்த இந்தியப் பெரும் முக்கோண அளவைக்கு முதல் அடிக்கோடு (மற்ற கணக்குகளுக்கு அடிப்படையாக நேரடியாக அளக்கும் கோடு) அளக்கப்பட்டதும் பக்கத்திலிருக்கும் பரங்கிமலையருகேதான். தூரமும் கோணமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி, ஜிபிஎஸ் அளவை, செயற்கைக்கோள் படங்களை ஆராய்வது, டிரோன் படங்களிலிருந்து முப்பரிமாண நிலவரைபடம் செய்வது, இடம் சார்ந்த தகவல்களை வரைபடத்தோடு இணைத்து ஆராயும் ஜிஐஎஸ் என்று படிப்பு விரியும். உங்கள் மகன் இப்போது விளையாட்டாகச் செய்வதன் முறையான வடிவம் இது. வெயிலில் நின்று அளக்கும் சர்வே வேலையும் இதில் அடக்கம். அதை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வில், 2022 முதல் இதே துறையான ஜியோமேடிக்ஸுக்குத் தனித்தாளே இருக்கிறது. தனியார் நிறுவனங்கள் வரைபடத் தரவு தயாரிப்பதற்கு இருந்த முன் அனுமதிக் கட்டுப்பாடுகளை 2021-ல் மத்திய அரசு பெருமளவு தளர்த்தியது.

ஒன்றில் கவனம் வேண்டும். மென்பொருளைச் சொடுக்கத் தெரிந்தால் போதும் என்று நின்றுவிடுகிறவர்கள் குறைந்த சம்பளத்தில் வரைபடத்தைத் திருத்திக்கொண்டே இருக்க நேரும். முதலாண்டிலேயே பைத்தான் நிரல்மொழி, அடுத்து வரைபடத் தரவைச் சேமித்துத் தேடும் போஸ்ட்ஜிஐஎஸ். கியூஜிஐஎஸ் என்ற ஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், இன்றே நிறுவிப் பழகட்டும்.

மறுபடி வளாகத்துக்குப் போகும்போது செமஸ்டர் நடக்கும் வேலைநாளில் போங்கள். சனி, ஞாயிறு போனால் கட்டடங்களைத்தான் பார்ப்பீர்கள். சிவப்புக் கட்டடத்தின் முன் போட்டோ எடுத்ததும், பையனைத் தனியாக கேன்டீனுக்கு அனுப்பிவிடுங்கள். பெற்றோர் பக்கத்தில் நின்றால் மாணவர்கள் அளந்துதான் பேசுவார்கள். மூன்றாமாண்டு மாணவர்களிடம் அவன் கேட்க வேண்டியவை: ஒரு கருவிக்கு எத்தனை பேர், சர்வே முகாம் எத்தனை நாள், வளாகத் தேர்வுக்கு வரும் மென்பொருள் நிறுவனங்களில் எவை இந்தப் பிரிவையும் அனுமதிக்கின்றன. உச்சபட்சச் சம்பளத்தைக் கேட்காமல், வரிசையின் நடுவில் இருப்பவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கட்டும்.

கலந்தாய்வில் பிரவுசிங் சென்டர்காரரோ சித்தப்பாவோ சாய்ஸ் நிரப்ப வேண்டாம். உங்கள் வகுப்புப் பிரிவுக்கு முந்தைய ஆண்டுகளில் எந்த கட்-ஆஃபில் முடிந்தது என்று பார்த்துக்கொண்டு, மகனே தன் விருப்ப வரிசையில் நிரப்பட்டும். பட்டியல் எவ்வளவு நீண்டாலும் தவறில்லை. கிடைத்தாலும் சேரமாட்டோம் என்று நினைக்கும் கல்லூரியை மட்டும் அதில் போடாதீர்கள்.