வருவாய் இரட்டிப்பு, லாபம் அப்படியே: எங்கே பார்ப்பது?

நீங்கள் பங்கு வைத்திருக்கும் இணைய விற்பனைத் தளத்தின் வருவாய் ஒரே வருடத்தில் இரட்டிப்பாகியும் லாபம் நகரவில்லை, மோசடியா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். முதலில் ஆண்டறிக்கையில் கணக்கியல் கொள்கைக் குறிப்பைப் படியுங்கள். முழு விற்பனைத் தொகையை வருவாயாகக் காட்டுகிறார்களா, கமிஷனை மட்டுமா? போன வருடமும் அப்படித்தானா?

100க்குப் பொருள் விற்று, 85ஐ விற்பனையாளருக்குக் கொடுத்துவிட்டு 15ஐ வைத்துக்கொள்ளும் தளம் 100ஐ வருவாய் என்று எழுதினாலும், 15ஐ எழுதினாலும் கையில் நிற்பது 15தான். வருவாயை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் சர்வதேசக் கணக்கியல் விதியான ஐஎஃப்ஆர்எஸ் 15 கேட்பது இதை: வாடிக்கையாளரிடம் போகும் முன் பொருள் யார் கட்டுப்பாட்டில் இருந்தது? தளத்தின் கட்டுப்பாட்டில் என்றால் முழுத் தொகையும் வருவாய், இல்லையென்றால் கமிஷன் மட்டும். சரக்கு தேங்கினால் யாருக்கு நஷ்டம், விலை வைப்பது யார் என்பதை வைத்து ஓரளவு கணிக்கலாம். ஆனால் இதில் நிர்வாகத்தின் தீர்ப்புக்கு நிறைய இடம் இருக்கிறது. எனக்குக் கவலை தருவது அதுதான்.

தள்ளுபடிக் கூப்பன் விற்கும் அமெரிக்க இணையத் தளமான குரூப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 வருவாய் 713 மில்லியன் டாலர் என்றவர்கள், 2011இல் பங்குச்சந்தைக்கு வரும் முன் அதை 313 மில்லியனாகத் திருத்தினார்கள். வியாபாரம் அதேதான், எழுதிய முறைதான் மாறியது.

ஆகவே உங்கள் நிறுவனத்தில் மொத்த லாபத்தையும் (வருவாயில் விற்ற பொருளின் நேரடிச் செலவு போக மிஞ்சுவது) செயல்பாட்டுப் பணவரவையும் (அன்றாட வியாபாரத்தில் உண்மையில் கைக்கு வந்த பணம்) மூன்று வருடத்துக்கு வரிசையாக எழுதிப் பாருங்கள். கணக்கு முறை மாறாமலேயே, வரவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக ஏறியிருந்தால், அப்போது நீங்கள் தாராளமாகச் சந்தேகப்படலாம்.