கொள்ளுத்தாத்தா எந்தக் காகிதத்தில் இருக்கிறார்?

மாயவரம் பக்கம் முப்பது வருஷம் பத்திரம் எழுதியவன் நான். குடும்பத்தில் பழைய ஆட்களைத் தேடுகிறவர்கள் கேட்டதில் சிலவற்றுக்குத் தெரிந்தவரை பதில்.

கே: ஐயா, கொள்ளுத்தாத்தா பெயரும் குத்தாலம் பக்கத்து ஊரும் மட்டும்தான் தெரியும். எங்கே ஆரம்பிப்பது?

ப: பரண் மேலிருக்கும் டிரங்குப் பெட்டியில். பழைய பத்திரம் ஒன்று கிடைத்தால் போதும், "தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுகா, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்" என்று ஆரம்பித்து ஜாதி, தொழில், சில சமயம் வயது வரை முதல் நாலு வரியிலேயே கொட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டு அடமானப் பத்திரம் ஒன்றில் பாட்டனார் பெயருக்குப் பின்னால் "மைனர், கார்டியன் தாயார்" என்று இருந்தது. அப்படியென்றால் அவர் அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் யாரும் இதைச் சொன்னதே இல்லை.

பெட்டி காலியா? சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதல் மனு போடுங்கள். சர்வே எண் இல்லாமல் பார்க்க முடியாது என்றால் அசையாதீர்கள். பதிந்த பத்திரங்களைத் தேட அங்கே இண்டெக்ஸ் என்ற அட்டவணைகள் உண்டு: இண்டெக்ஸ் இரண்டுதான் சொத்துவாரி, இண்டெக்ஸ் ஒன்று ஆள் பெயர்வாரி, எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவரும் அதில் உண்டு.

கே: அண்ணே, எங்களுக்கு நிலமே கிடையாது. தாத்தா பண்ணையாள். அவர் எதில் இருப்பார்?

ப: மிராசுதார் பத்திரத்தில், நான்கெல்லை விவரத்தில். "இன்னார் குடியிருக்கும் மனைக்கு வடக்கு, இன்னார் சாகுபடி நிலத்துக்குக் கிழக்கு" என்று எழுதுவோமே, அந்த இன்னார்தான் உங்கள் தாத்தாவாக இருக்கலாம். எல்லையில் வரும் பெயர் இண்டெக்ஸில் ஏறாது, அதனால் தாத்தா பெயரில் தேடி ஏமாறாமல் பண்ணைக்காரர் பெயரில் தேடி, நகல் வாங்கி, வரி வரியாகப் படிக்க வேண்டும். அலுப்பான வேலைதான். அப்புறம் 1971 குடியிருப்புச் சட்டத்தில் மனை கிடைத்திருந்தால் அந்தப் பட்டாவிலும், குத்தகை பார்த்திருந்தால் 1969 சட்டப்படி பதிந்த குத்தகைதாரர் பதிவேட்டிலும் பாருங்கள்.

கே: பாட்டி, தன் அண்ணன் ரக்தாட்சி வருஷம் வெள்ளத்தப்போ பிறந்தார் என்கிறார். பள்ளிக்கூடச் சான்றிதழில் 1927 என்று இருக்கிறது. எது சரி?

ப: பாட்டி. ரக்தாட்சி 1924 ஏப்ரலில் பிறந்த வருஷம், காவிரியில் பெருவெள்ளம் வந்ததும் அந்த ஆடியில்தான். இரண்டும் ஒத்துப்போகிறதே! பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட தேதியை நான் நம்புவதில்லை. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு தரம் திரும்பும், அதை மட்டும் கவனியுங்கள்: தாது என்றால் பஞ்சம் வந்த 1876ஆ, 1936ஆ என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கே: அம்மா வழி காரைக்கால்காரர்கள்.

ப: கொடுத்து வைத்தவர். 1954 வரை பிரெஞ்சு ஆட்சி, பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றுக்கும் பதிவேடு வைத்தார்கள். பெயரை அவர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

கே: நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போன சின்னத்தாத்தா திரும்பவே இல்லை.

ப: கப்பலை விடுங்கள், ஊரில் நடந்த பாகப் பிரிவினையை எடுங்கள். பங்காளிகள் ஒருத்தர் பங்கையும் விட மாட்டார்கள். "தற்சமயம் பினாங்கிலிருக்கும்" என்று போட்டு, அவருக்காக யார் கையெழுத்துப் போட்டார் என்பதும் இருக்கும். தனக்காகக் கையெழுத்துப் போட அவர் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால், அதில் அவருடைய அங்கத்து விலாசத்தைப் பாருங்கள்.